தேவாலயத்தில் வளர்ந்த பைக் கிளப்: லண்டன் நாட்குறிப்பு

அக்டோபர் 10, வியாழன் – வெம்ப்லி

ஹீத்ரோவை விட்டு வெளியே வந்ததும் குளிர் காது மடலைக் கடித்தது. பதினோரு டிகிரி, பொடித் தூறல். அழைத்துப்போக வந்திருந்த நண்பன் கனமான ஜாக்கெட் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன். 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு திருவொற்றியூர் வந்து என் வகுப்பில் சேர்ந்தான், அப்புறம் லண்டன் போய்விட்டான். பேச்சில் இன்னும் இரண்டு ஊரும் இருக்கிறது. "முதல்ல இதைப் போடு மச்சான், பிறகு கதைக்கலாம்" என்றான்.

வெம்ப்லியில் ஈலிங் ரோடு முழுக்க நம் ஆட்கள். முருங்கைக்காய், வாழைப்பூ, நகைக்கடை, புடவைக்கடை. கொஞ்ச தூரம் நடந்தால் ஆல்பர்ட்டனில் ஈழபதீஸ்வரர் கோவில். மசால் தோசை ஆறு பவுண்டு, நம் காசுக்கு அறுநூற்று அறுபது ரூபாய். சாம்பார் நன்றாக இருந்ததால் மனம் ஆறிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையைத் திறந்து காட்டினான். உள்ளே 1982இல் எங்கள் ஊரில் செய்து கப்பலேறி வந்த புல்லட் 350. என்ஃபீல்ட் இந்தியா 1977இலிருந்தே பிரிட்டனுக்குப் புல்லட் அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அந்தத் தொழிற்சாலைச் சம்பளம்தான் சோறு. அந்த டேங்க்கில் கை வைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்தப் பயணம் 59 கிளப்புக்காக. ஃபிஃப்டி நைன் என்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கிளப் என்று பேர் வாங்கியது. லண்டனின் ஏழைப் பகுதி ஒன்றில், ஒரு தேவாலயத்தின் இளைஞர் மன்றமாகத் தொடங்கியது. ஊரே ரவுடிகள் என்று ஒதுக்கிய பையன்கள் ஏன் ஒரு பாதிரியாரைச் சுற்றிக் கூடினார்கள் என்பதை அந்தந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

அக்டோபர் 11, வெள்ளி – ஏஸ் கஃபே

59 கிளப்பின் கதை தேவாலயத்தில் தொடங்கினாலும், அது பைக் கிளப்பாக மாறிய கதை நார்த் சர்குலர் ரோட்டு ஓரத்தில் இருக்கும் இந்த டீக்கடையில்தான் இருக்கிறது. ரயிலில் போனால் வெம்ப்லியிலிருந்து கடைக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஸ்டோன்பிரிட்ஜ் பார்க் ஒரே ஒரு ஸ்டேஷன். நான் பஸ்ஸில் போனேன். அப்போது எவ்வளவு தூரம் போனாலும் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் அதற்குக் காசில்லை. இறங்கும்போது எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். நானும் சொன்னேன்.

ஏஸ் கஃபே 1938இல் லாரிக்காரர்களுக்காகத் திறந்த கடை. புதிதாகப் போட்ட சாலை, இரவு பகல் மூடாத கடை. போரின்போது 1940இல் பக்கத்து வில்ஸ்டன் ரயில் யார்டுக்கு வைத்த குறியில் இதுவும் குண்டில் போய், 1949இல் மறுபடி கட்டினார்கள். ஐம்பதுகளின் கடைசியில் பையன்கள் கையில் காசு புழங்க ஆரம்பித்தது. தவணையில் பைக் கிடைத்தது. வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் அப்பா, வெளியே போனால் தோல் ஜாக்கெட்டைப் பார்த்ததும் உள்ளே விடாத நடன அரங்குகள். ராத்திரி திறந்திருந்தது இந்தக் கடைதான். இங்கே கூடினார்கள்.

மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர், தொட்டவனுக்கு மரியாதை. டிரயம்ப் எஞ்சினை நார்ட்டன் ஃபெதர்பெட் சேஸிஸில் பொருத்தி 'டிரைட்டன்' என்று ஓட்டினார்கள். ஹேண்டில்பாரைக் கீழே இறக்கி, தேவையில்லாத தகடையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். இன்று ஊரெல்லாம் விற்கும் கஃபே ரேசர் பைக்கின் மூலம் இதுதான். 1961இல் பழகுநர்கள் 250 சிசிக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்ததும், அந்தப் பையன்களுக்காகவே இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கான்டினென்டல் ஜிடி 250 செய்தது. அந்தப் பேரைத்தான் சென்னைக் கம்பெனி 2013இல் மறுபடி எடுத்துக்கொண்டது.

டீ இரண்டரை பவுண்டு. பெரிய மக் நிறையக் கடும் சாயம், பால் ஒரு சொட்டு. டோஸ்ட்டின் மேல் தக்காளிச் சாறில் ஊறிய அவரைப் பருப்பைக் கொட்டிக் கொடுத்தார்கள். இனிப்பாக இருந்தது. நான் மிளகுத்தூள் தேடுவதைப் பார்த்து அடுத்த மேஜைப் பெரியவர் எழுந்து கொண்டுவந்து கொடுத்தார். எண்பது வயது, தோல் ஜாக்கெட், பூட்ஸுக்கு மேல் மடித்துவிட்ட வெள்ளைக் காலுறை. எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சென்னையில் என்ஃபீல்ட் தொழிற்சாலை இருக்கும் ஊர் என்றதும் நாற்காலியை என் மேஜைக்கு நகர்த்திக்கொண்டார். அடுத்த டீ அவர் செலவு.

பதினாறு வயதில் முதன்முதலாக இங்கே வந்தவராம். பாட்டுப்பெட்டியில் காசு போட்டு, பாட்டு முடிவதற்குள் ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பும் பந்தயம் பற்றிக் கேட்டேன். பேச்சில் கேட்டதுதான் அதிகம், கண்ணால் பார்த்தது ரொம்பக் குறைவு என்றார். ஆனால் செத்துப்போனவர்களின் பேர்கள் ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. அப்போது ஹெல்மெட் கட்டாயமில்லை, அந்தச் சட்டம் 1973இல்தான் வந்தது. 1959 நவம்பரில் எம்1 நெடுஞ்சாலை திறந்தபோது அதில் வேக வரம்பே கிடையாது. எழுபது மைல் வரம்பு வந்தது 1965 டிசம்பரில். இந்தக் காலத்தைப் பாட்டும் பைக்கும் கலந்த பொற்காலமாக எழுதுகிறவர்கள் அந்தப் பேர்களையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஃபாதர் பில் ஷெர்கோல்ட் இந்தக் கூட்டத்துக்குள்தான் வந்தார். கிழக்கு லண்டன் ஹாக்னி விக்கில் பங்குத் தந்தை. தானும் பைக் ஓட்டுகிறவர். இந்தப் பையன்களுக்காகத் தனியாக ஓர் ஆராதனை வைத்து அழைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முதல் தடவை இந்தக் கடைக்குக் கிட்டே வந்ததும் பயம் வந்து, நிறுத்தாமல் வேகமாகக் கடந்து போய்விட்டார். பையன்கள் தன்னைத் தூக்கிக் கால்வாயில் போட்டுவிடுவார்கள் என்று பயந்ததை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். கடைக்குப் பக்கத்தில், சாலைக்கு மேலேயே கிராண்ட் யூனியன் கால்வாய் போகிறது. நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். பச்சை நிறத்தில் கலங்கிய தண்ணீர். அந்தப் பயம் நியாயமானதுதான்.

இன்னொரு நாள், பாதிரியார் என்று காட்டிக்கொடுக்கும் கழுத்துப் பட்டையை ஸ்கார்ஃபால் மறைத்துக்கொண்டு, கையில் நோட்டீஸோடு மறுபடி வந்தார். யாரும் அடிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், பேசினார்கள், தேநீர் கொடுத்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்த இரண்டாவது வருகைதான். வாசலில் போர்டு மாட்டிவிட்டு, வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

கடை 1969இல் மூடிப்போய் டயர் கடையானது. மார்க் வில்ஸ்மோர் என்ற முன்னாள் போலீஸ்காரர் 1994இல் பழைய ஆட்களைத் திரும்பக் கூட்டினார். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 2001இல் கடை முழுதாகத் திறந்தது.

அக்டோபர் 12, சனி – ஹாக்னி விக்

காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. ஓவர்கிரவுண்ட் ரயிலில் ஹாக்னி விக். இறங்கிப் பத்து நிமிடம் நடப்பதற்குள் வலது ஷூவின் அடி பிளந்து, தரையில் தட்டத் தொடங்கியது. கால்வாய்க் கரையில் சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் நின்று பார்த்தார். பையிலிருந்து பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் நாலைந்து எடுத்து, குனிந்து, ஷூவைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, "இது உங்களை வீடு சேர்த்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேர்கூடக் கேட்கவில்லை. (சாயங்காலம் ஒரு கடையில் ஒட்டக் கொடுத்தேன். பதினைந்து பவுண்டு.)

இந்தப் பேட்டை முன்பு முழுக்கத் தொழிற்சாலை, தொழிலாளர் குடியிருப்பு. இப்போது சுவரெல்லாம் ஓவியம், காபிக்கடை, புது ஃபிளாட்கள். பின்னால் 2012 ஒலிம்பிக் மைதானம் தெரிகிறது. ஒரு காபி நாலு பவுண்டு. ஷெர்கோல்டின் பையன்களால் இங்கே இன்று வாடகை கொடுத்து இருக்க முடியாது.

செயின்ட் மேரி ஆஃப் ஈட்டன் தேவாலயம் கோட்டை வாசல்போலக் கோபுரத்தோடு நிற்கிறது. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளி, 1880இல் இந்த ஏழைப் பேட்டைக்கென ஒரு சேவைப் பணியை ஆரம்பித்தது. கோவில் 1890களின் தொடக்கத்தில் எழுந்தது. நான் போனது வழிபாட்டு நேரமல்ல, வெளியே நின்றுதான் பார்த்தேன்.

துணைக் குருவாக இருந்த ஜான் ஓட்ஸ் 1959இல் இங்கே ஓர் இளைஞர் மன்றம் தொடங்கினார். வருடத்தையே பேராக வைத்தார். திறப்பு விழாவுக்கு வந்தவர் கிளிஃப் ரிச்சர்ட், லக்னோவில் பிறந்து ஏழு வயதில் இங்கிலாந்து வந்த பாடகர். அப்போது அவர் பேரைச் சொன்னாலே பெண்பிள்ளைகள் கத்துவார்கள். பிற்பாடு இளவரசி மார்கரெட்டும் மன்றத்துக்கு வந்திருக்கிறார். இதில் பைக் எதுவும் இல்லை. சாதாரண மன்றம்.

1962 மே மாதம் ஷெர்கோல்ட் அழைத்த ஆராதனை நடந்தது. பையன்கள் வந்தார்கள், நிறையவே வந்தார்கள். பைக்குகளையே தேவாலயத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி ஆசீர்வாதம் செய்தார். பத்திரிகைகளில் படம் வந்தது. அதன் பிறகுதான் மன்றத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவு. சனிக்கிழமை இரவானால் வடக்கு லண்டன், தெற்கு லண்டன் எங்கிருந்தும் வண்டிகள் இந்தத் தெருவுக்குத் திரும்பின.

உள்ளே என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் இல்லை. காபி, பாட்டு, அரட்டை, பைக் பேச்சு. ஜெபம் செய்தால்தான் உறுப்பினர் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவன் விபத்தில் சிக்கினால் ஃபாதர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் அவரிடமே வந்தார்கள். நேற்றைய பெரியவர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களைத் திருத்த வந்தவர்கள் பலர், எங்கள் பைக்கைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்றார்.

நம் ஊரில் மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று எனக்குத் தெரியும். முதலில் விதிமுறை, அப்புறம் சந்தா, அப்புறம் தலைவர் பதவிக்குச் சண்டை. இங்கே முதலில் கதவைத் திறந்திருக்கிறார்கள். தெருமுனையில் நின்று இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மழை வலுத்ததும் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு – பிரைட்டன்

நண்பனின் புல்லட்டில் பிரைட்டன். போகும்போது நூறு கிலோமீட்டர். அவன் ஓட்ட, நான் பின்னால். கியர் வலது காலில், நாங்கள் இருவரும் பழகிய அதே கியர். எதிரே வரும் பைக்காரர்கள் எல்லோரும் தலையை லேசாக அசைத்துவிட்டுப் போகிறார்கள். புத்தம்புது வண்டியில் வருகிறவரும் நாற்பது வயது புல்லட்டுக்குத் தலையசைக்கிறார்.

ஏ23 சாலையில் பாதி வழியில் கிளட்ச் கேபிள் அறுந்தது. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு பைக்குகள் நின்றன. அதில் ஒருவர் கேபிள் முனையில் திருகி மாட்டும் குமிழ் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. காசு கொடுக்கப்போன நண்பனின் கையைத் தட்டிவிட்டு, அடுத்து யாராவது நின்றால் நீங்கள் நில்லுங்கள் என்றார்.

கடற்கரையில் காற்று ஆளைத் தள்ளியது. மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் பதினான்கு பவுண்டு. வினிகர் ஊற்றிச் சூடாகச் சாப்பிட்டால் குளிருக்கு அருமை. வாயில் வைக்கப்போன துண்டைக் கடற்பறவை ஒன்று கையிலிருந்தே பறித்துப்போனது. நண்பனுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

1964 மே மாத விடுமுறையில் இந்தக் கரையில்தான் ஸ்கூட்டர் ஓட்டும் மாட்களும் பைக் ஓட்டும் ராக்கர்களும் மோதினார்கள். ஈஸ்டரில் கிளாக்டனில் ஆரம்பித்தது, அப்புறம் மார்கேட், பிரைட்டன், ஹேஸ்டிங்ஸ். நாற்காலிகள் பறந்தன, நூற்றுக்கணக்கில் பையன்கள் கூடினார்கள், பலர் கைதானார்கள். ஆனால் பத்திரிகைகள் எழுதிய அளவுக்குக் கலவரம் நடக்கவில்லை என்று பின்னால் வந்த சமூகவியல் ஆய்வுகள் காட்டின. அந்தச் செய்தியைப் படித்த பெற்றோருக்கோ தோல் ஜாக்கெட் என்றாலே கத்தி என்று ஆகிவிட்டது. 59 கிளப் அந்த நாட்களிலும் கதவை மூடவில்லை. ஊர் பயப்படாதபோது இடம் கொடுப்பது சுலபம். பயந்துகொண்டிருக்கும்போது கொடுப்பதற்கு வேறு தைரியம் வேண்டும்.

திரும்பும்போது முழு மழை. கையுறைக்குள் தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் நண்பனின் அம்மா ஒடியல் கூழ் வைத்திருந்தார். "இரண்டு பேரும் இன்னும் பள்ளிக்கூடப் பெடியன் எண்டு நினைப்பு" என்று திட்டிக்கொண்டே மறு கிண்ணம் ஊற்றினார்.

அக்டோபர் 14, திங்கள் – பேடிங்டன் கிரீன், ஈஸ்ட் ஹாம்

ஷெர்கோல்ட் 1964இல் பேடிங்டன் கிரீன் பங்குக்கு மாறினார். கிளப்பும் அவரோடு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய அழகான சிறிய கோவில். பக்கத்திலேயே சாரா சிடன்ஸ் என்ற பழைய நாடக நடிகையின் சிலை. இரண்டு எட்டு வைத்தால் வெஸ்ட்வே மேம்பாலம் தலைக்கு மேல் இரைகிறது. அந்த மேம்பாலம் 1970இல் திறந்தது, கிளப்பின் நல்ல காலத்தில் அது இல்லை. ஃபாதர் கிரஹாம் ஹல்லெட் என்ற இன்னொரு குரு இங்கே கிளப்பை நடத்தப் பெரும் தோள் கொடுத்தார். ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள்.

1969இல் ஷெர்கோல்ட் டோவருக்கு மாறிப்போனார். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை, 69 கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார். பையன்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், கார் வாங்கினார்கள், ஜப்பான் வண்டிகள் வந்தன, பிரிட்டிஷ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடியது, கடைசியாக மிஞ்சிய பட்டறை 1970இல். திருவொற்றியூர் மட்டும் நிற்காமல் ஓடியது. 59 கிளப் இளைத்துப்போனாலும் அழியவில்லை. பின்னாளில் கிழக்கு லண்டன் பிளெய்ஸ்டோவுக்கு வந்தது. ஷெர்கோல்ட் 2009இல் காலமானார்.

பிளெய்ஸ்டோவிலிருந்து இரண்டே ஸ்டேஷன் ஈஸ்ட் ஹாம். அங்கே கொத்துப் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே நண்பன் லண்டனில் வண்டி வைத்திருப்பதன் கஷ்டத்தைச் சொன்னான். புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் 2023 ஆகஸ்டிலிருந்து நகரம் முழுக்க. விதிக்குப் பொருந்தாத பைக்குக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு விலக்கு உண்டு, அதனால் அவன் புல்லட் தப்பித்தது. தொண்ணூறுகளில் செய்த வண்டியை வைத்துக்கொண்டு ஓட்டும் சம்பளக்காரப் பையனுக்குத்தான் அடி. காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தப் பையனுக்குப் புது வண்டி வாங்க வழியும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு – திருவொற்றியூர்

வந்து சேர்ந்து, இருமல் பிடித்து, இன்றுதான் வெளியே போனேன். எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரியில் பையன்கள் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. போலீஸ் வரும், வண்டியைப் பிடிக்கும், அடுத்த வாரம் மறுபடி வருவார்கள். அவர்கள் உட்கார ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இந்தப் பக்கம் ஓர் இடம் இல்லை.

எங்கள் தெரு விளையாட்டு மன்றத்துக்குச் சொந்தமாக ஓர் அறை இருக்கிறது. இரண்டு கேரம் போர்டு, ஒரு மின்விசிறி, எதிரே டீக்கடை. சனிக்கிழமைகளில் பதினொரு மணி வரை திறந்து வைக்க முடியுமா என்று மன்றத்துப் பெரியவர்களிடம் கேட்டேன். யார் பொறுப்பு என்றார்கள். நான் என்றேன். பஞ்சர் ஒட்ட, செயின் இறுக்கக் கற்றுக்கொடுக்க என்னோடு வேலை பார்த்த ஒரு மெக்கானிக் அண்ணன் வருகிறேன் என்கிறார். சாவி என்னிடம் வந்துவிட்டது. பையன்களைக் கூப்பிட வருகிற சனிக்கிழமை நான் அந்தச் சாலைக்குப் போகிறேன்.